சுவர் கொடுத்தல்

தை 5

காலையில் தோசை சாப்பிட்டுக்கொண்டே அத்தான் சொன்னார்.

"ஒருத்தவிய சுவர் தாரேன்னு சொல்லியிருக்காவ, அத்தை."

அம்மா கல்லில் கிடந்த தோசையைத் திருப்பினாள். எந்த ஊர் என்று மட்டும் கேட்டாள். மணப்பாடு என்றார். கடற்கரை. பெயர் ரெஜினா. நான் தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்த பிறகுதான் பார்த்தேன், மேசைமேல் செம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

அக்காவின் முதல் திவசம் போன கார்த்திகையில்தான் முடிந்தது. கூடத்தில் நடந்துகொண்டிருந்தவள் விழுந்தாள். எழவில்லை. எல்லா மருந்தும் எல்லாருக்கும் கிடைக்கும் இந்தக் காலத்திலும் அதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மதியம் நூலகம். எதுவும் மனதில் ஏறவில்லை.

தை 6

ஆய்வுக்காகப் பழைய கிரயப் பத்திரங்கள் படிக்கிறேன். நிலத்தை விற்றும் வாங்கியும் வந்த காலத்தவை. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரத்துடன், ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. ஒரு முழ வரப்புக்காக அண்ணனைத் தம்பி வெட்டிய வழக்கு ஒன்றும் கிடைத்தது. விசாரணையில் அந்தத் தம்பி சொன்னது ஒரே வரி. "மண்ணு எம்பக்கம் இருந்துச்சு."

இன்று குழந்தை பிறந்தால் அதற்கென்று ஓர் அறை வார்க்கிறார்கள். அந்த அறை உட்காரும் அளவு நிலமும் அதனுடையது. பிள்ளை வளர வளர அறையும் விரியும். சாகும்வரை அதே அறை. மலையடிவாரமோ ஆற்றோரமோ, எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். யாரும் விலை கேட்பதில்லை. ஒரே ஒரு விதி. அறை தனியாக நிற்கக் கூடாது. அங்கே ஏற்கெனவே இருக்கும் ஒருவர் தன் சுவரைக் கொடுக்க வேண்டும். உள்ளங்கையைச் சுவரில் வைத்து, சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிரிந்து போகும்போதும் அப்படியே. சுவர் கொடுத்தவர் மறுபடி கையை வைத்தால்தான் அறையைப் பிரிப்பார்கள்.

அந்தக் காலத்தில் ஒருவர் பக்கத்தில் வாழப் பணம் தேவைப்பட்டது. இப்போது அந்த ஒருவரே தேவைப்படுகிறார். எது கடினம் என்று என் ஆய்வு வழிகாட்டியிடம் கேட்டேன். அது ஆய்வுக் கேள்வி இல்லை என்றார்.

தை 9

எங்கள் வீடு இப்படி. நடுவில் அடுப்படியும் கூடமும். அவை பொது. கிழக்கே அம்மாவின் அறை. மேற்கே என்னுடையது. என் அறையை ஒட்டி அத்தானின் அறை. அதை ஒட்டி அக்காவின் அறை. அதற்கப்பால் தாமிரபரணி. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அப்பா வேறு ஊரில் சுவர் கேட்டுத் தன் அறையோடு போய்விட்டார். அந்த இடத்தில் இப்போது கொய்யா மரம்.

கல்யாணத்துக்கு முன்னால் அக்காவின் அறைதான் என்னை ஒட்டி இருந்தது. கோவில்பட்டியிலிருந்து அத்தானின் அறை இழுவண்டியில் வந்து தெருவில் நின்றபோது, அக்கா, "எனக்கு ஆறு தெரியணும்" என்று பிடிவாதம் பிடித்தாள். அவளுடையதை ஆற்றுப் பக்கம் நகர்த்தி, நடுவில் அவருடையதைச் செருகினார்கள். கல்யாணத்தன்று வழக்கப்படி அவர்கள் இருவருக்கும் இடையில் இருந்த சுவரை எடுத்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள். இரண்டு அறை ஓர் அறை ஆனது.

இந்தப் பக்கத்துச் சுவர் என்னுடையது. அத்தானை இந்த வீட்டோடு சேர்த்தது அதுதான். எனக்கு அப்போது பதினேழு வயது. கையை வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று முறை கேட்டார்கள். சத்தமாச் சொல்லு பிள்ள என்று யாரோ சிரித்தார்கள்.

இப்போது அத்தான் தன் பாதியை எடுத்துக்கொண்டு போனால், அக்காவின் பாதி எதையும் தொடாமல் நிற்கும். ஆள் இல்லாமல் தனியாக நிற்கும் அறையை மண்ணாக்கிவிடுவார்கள். இறந்தவர் அறையை மறுபடி வேறு சுவரில் ஒட்டவும் விதி இல்லை.

அதுதான் என் கவலை. வேறொன்றும் இல்லை.

தை 13

அம்மாவின் சுவரை ஒட்டி இருக்கும் பிச்சம்மா அத்தை காய் நறுக்க வந்தாள்.

"என்ன வடிவு, ஒங்கத்தான் கடக்கரையில சுவர் பாத்துட்டாராம்லா?"

"ஆமா அத்தை."

"நீச்சல் சொல்லிக் குடுக்கப் போன ஆளு. கடக்கரைப் பிள்ளைகளுக்கு நீச்சலு! அதுவதான் இவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கும்."

அம்மாகூடச் சிரித்துவிட்டாள். அத்தை நிறுத்தவில்லை.

"அந்தக் காலமா இருந்தா, அக்கா போயிட்டா தங்கச்சின்னு பேசி முடிச்சிருப்பாவ. புதுசா எடம் பாக்க வேண்டாம், சட்டி பானை வேண்டாம். இப்பதான் ஆளாளுக்கு எல்லாம் கெடக்கே, யாருக்கு யாரு வேணும்?"

"வாய மூடு மைனி. வெண்டைக்காய நறுக்கு."

"நான் என்னத்தச் சொல்லிட்டேன்? சுவரு பக்கத்துலதான இருக்குன்னேன்."

சோறு அடிப்பிடித்துவிட்டது. என் கவனக்குறைவு.

தை 17

அத்தானுக்கு இருமல். சுவர் வழியாகக் கேட்கிறது. மிளகு ரசம் வைத்தேன்.

தை 22

பிரிப்புக்காரர் அந்தோணி வந்தார். பருத்த மனிதர், எதைப் பார்த்தாலும் தட்டிப் பார்க்கிற பழக்கம். சுவரைத் தட்டினார். கதவைத் தட்டினார். அம்மா கொடுத்த காப்பி டம்ளரையும் தட்டினார்.

"நல்லா ஒட்டிப்போச்சு. ரொம்ப நாளு பக்கத்துல இருந்தா இப்படித்தான். மனுசன பிரிச்சிரலாம், சுவரப் பிரிக்கது கஷ்டம்" என்றார். பிறகு, "யாரு குடுத்த சுவரு?"

"நான்."

"கைய வையுங்க தாயி."

அத்தான் வாசலில் நின்றார். அம்மா அடுப்படியில். நான் கைகளைத் துப்பட்டாவுக்குள் சுருட்டி வைத்திருந்தேன்.

"வைக்க மாட்டேன். அக்கா அறை போயிரும்."

அத்தான் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. அழுகிற குழந்தையைப் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"சரி, அண்ணாச்சி. பிள்ள சொல்லுததும் நியாயந்தான். இன்னொரு நாள் பாப்போம்."

அந்தோணி காப்பியை முடித்தார். "மனசு மாறினா சொல்லி விடுங்க. நாளைக்கு மாறினாலும் வாரேன், பத்து வருசங் கழிச்சு மாறினாலும் வாரேன். எனக்கென்ன அவசரம்? இப்ப யாருக்குத்தான் என்ன அவசரம்?"

தை 23

மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம். சொதி. அத்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

மாசி 2

ஆய்வு நகர்கிறது. ஏன் என்று தெரியவில்லை, எழுத்து ஓடுகிறது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு படித்துறைக்குப் போய்விடுகிறேன். அங்கே வெளிச்சம் நன்றாக இருக்கிறது. அத்தான் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தித் தண்ணீரில் தள்ளுகிறார். அவர்கள் கத்துகிறார்கள். அவரும் கத்துகிறார்.

"வடிவு, ஆத்தோரத்துல பெறந்துட்டு இன்னும் நீச்சல் தெரியாது ஒனக்கு. எறங்கு."

"நாளைக்கு அத்தான்."

தினமும் நாளைக்கு என்கிறேன்.

வரும் வழியில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தவளிடம் வாங்கி வந்தேன். அம்மா கேட்டாள், "பூ யாருக்கு?"

"அக்கா படத்துக்கு."

"படத்துக்கு ஒரு முழம் போதும்."

மாசி 5

அத்தான் வாசலில் நின்று மணப்பாட்டுடன் பேசினார். சிரிப்புச் சத்தம். கதவைச் சாத்தினேன். கொசு.

மாசி 11

ரெஜினா வந்தாள்.

நாற்பது வயதிருக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஈரக் காலோடு, ஆற்று வழியாகவே நடந்து வந்துவிட்டாள். ஒரு பையில் கருப்பட்டி, ஒரு பையில் கருவாடு.

"பஸ்ஸுல கருவாட்டு வாடைக்கு எல்லாரும் தள்ளித் தள்ளி உக்காந்துட்டாவ. எனக்கு ஜன்னல் சீட்டு" என்று சொல்லித் தானே சிரித்தாள். அம்மாவுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அம்மாவின் முகத்தில் அது எனக்குத் தெரியும்.

அறையைப் பார்க்கலாமா என்று என்னிடம் கேட்டாள். அத்தானிடம் கேட்கவில்லை. கூட்டிப் போனேன். அத்தானின் பாதியில் நின்றாள். சுவர் இருந்த இடத்தில் தரையில் ஒரு கோடு இன்னும் மங்கலாகத் தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. அக்காவின் கண்ணாடி, அக்காவின் கட்டில், ஆறு தெரியும் சன்னல் எல்லாவற்றையும் அங்கிருந்தே பார்த்தாள். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நான் இதப் பிச்சுட்டுப் போக வரல தங்கச்சி. அறை இல்லாட்டாலும் வாங்கன்னு அவர்ட்ட சொல்லிட்டேன். அவருதான் கேக்க மாட்டேங்காரு. பெறந்த அறை இல்லாம மனுசன் எப்படிங்காரு."

அவள் சன்னல் பக்கம் திரும்பினாள்.

"எம் புருசன் அறையக் கடல் கொண்டுபோச்சு. ஆளோட. அதுக்கப்புறம் வரிசையில கடைசி அறை என்னுதுதான். எனக்கென்ன கொறச்சல்? எடமிருக்கு, மீனிருக்கு, கேட்டதெல்லாம் வருது. சாயங்காலம் வந்தா, இன்னைக்குக் காத்து எப்படின்னு கேக்க ஒரு ஆளு இல்ல."

அவளை வெறுக்க நினைத்திருந்தேன். நேரம் போதவில்லை.

புறப்படும்போது என் தலையைத் தடவினாள். கருவாட்டு வாசம். தலைக்குக் குளித்தேன்.

மாசி 19

அம்மாவும் நானும் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தோம்.

"ஏட்டி, ஒண்ணு கேப்பேன். கோவப்படக் கூடாது."

"கேளு."

"கோமதிக்காவத்தான் கைய வைக்காம நிக்கியா?"

"வேற எதுக்கு?"

அம்மா கொஞ்ச நேரம் உரித்தாள். அவள் அக்காவின் பெயரை நேராகச் சொன்னது நெடுநாளைக்குப் பிறகு இன்றுதான்.

"ஒங்கப்பா போறேன்னு சொன்ன அன்னைக்கு நான் கைய வச்சேன். அன்னைக்கே. வைக்காம இருந்தா அந்த மனுசன் இங்கனயேதான் கெடந்திருப்பாரு. கெடந்திருப்பாரு. அவ்ளோதான்."

"அது வேற."

"வேறதான். நான் வேணா ஒங்கத்தான் கொம்பையாட்ட கேக்கட்டா? ஒனக்காவ. ஊர்ல நடக்காததா? வெக்கப்படாத. அவன் ஒண்ணும் மூணாம் மனுசன் இல்லையே."

வேண்டாம் என்று சொன்னதாக நினைவு. சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை.

மாசி 21

படித்துறையில் அம்மாவும் அத்தானும். என் சன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். அம்மா பேசினாள். அவர் ஈரத்துண்டைப் பிழிந்தார். பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தார். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அவர் தோளைத் தொட்டாள்.

துவைத்த துணிகளை மடித்தேன். ஏற்கெனவே மடித்தவைதான்.

மாசி 22

"கேட்டுட்டேன்" என்றாள் அம்மா.

நான் படித்துக்கொண்டிருந்தேன்.

"அவ எனக்குப் பிள்ள மாதிரி அத்தை, பாவாடையச் சொருகிக்கிட்டு என் அறையச் சுத்திச் சுத்தி வந்து வேடிக்கை பாத்த பிள்ள, அப்படி நெனைக்க வரலங்கான். கண்ணு கலங்கிட்டு அவனுக்கு. நம்ம மேல பிரியம் இல்லாம இல்லட்டி. அந்தப் பிரியம் வேற."

இதை ஏன் என்னிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. நான் அக்காவின் அறையைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறேன். என் முடிவில் மாற்றம் இல்லை என்று சொன்னேன். அம்மா என் புத்தகத்தை வாங்கி, பக்கத்தில் அடையாளம் வைத்து மூடிவிட்டுப் போனாள்.

பத்திரங்களில் நான்கெல்லை எழுதுவார்கள். கிழக்கே இன்னார் நிலம். வடக்கே இன்னார் கிணறு. மேற்கே என்ற சொல்லுக்கு மேல் இன்று நகர முடியவில்லை.

மாசி 23

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை.

மாசி 28

அத்தான் எங்கள் இருவரையும் கூடத்தில் உட்காரச் சொன்னார்.

"அத்தை, நான் அறைய விட்டுட்டுப் போறேன்."

"என்னய்யா சொல்லுத?"

"மணப்பாட்டுல புதுசா ஒண்ணு வார்த்துத் தாராவ. கேட்டா குடுக்காவ. யாரும் கேக்கதில்ல, அவ்ளோதான்."

"பெறந்த அறைய எவன்யா விடுவான்? நாளைக்கு ஊர்ல அறை மாத்தினவன்னு சொல்லுவான்."

அது வசவு. தப்புச் செய்துவிட்டு ஓடியவர்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். அவருடைய சுவரில் அவர் அம்மா பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வந்த உயரக் குறிகள் இருக்கின்றன. கதவோரத்தில் பல் முளைக்கும் வயதில் கடித்த தடம்கூட இருக்கிறது என்று அக்கா காட்டியிருக்கிறாள். அந்த அம்மா இப்போது இல்லை.

அவர் என்னிடம் திரும்பினார்.

"வடிவு, கோமதி பாகம் நிக்கணும்னா நடுவுல இது இருக்கணும்லா. ரெண்டும் ஒனக்குத்தான். நீ கைய வைக்க வேண்டாம்."

"நீங்க எதுல படுப்பிய?" என்று கேட்டேன். என்ன கேள்வி.

"படுக்கதுக்கா எடமில்ல இந்தக் காலத்துல?" என்று சிரித்தார்.

சுவர் கொடுத்தவர் மறுத்தால் அறை நிற்கும் என்றுதான் விதியில் இருக்கிறது. ஆளும் நிற்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நான் சரியாகப் படிக்கவில்லை. நிலவுரிமை பற்றி ஆய்வு செய்கிறவள்.

பங்குனி 3

அத்தான் போனார். ஒரு பை. அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள். பிச்சம்மா அத்தை பேருந்து வரைக்கும் அழுதுகொண்டே போனாளாம், கடல்ல ரொம்பத் தூரம் போயிராதேயும் என்று சொல்லிக்கொண்டு.

நான் போகவில்லை. வேலை இருந்தது.

பங்குனி 5

அக்கா அறையைத் தூசி தட்டினேன்.

பங்குனி 6

அக்கா அறை. தூசி.

பங்குனி 9

வழிகாட்டியிடமிருந்து அழைப்பு. மூன்றாம் இயல் எங்கே என்று. அக்கா அறையைச் சுத்தம் செய்கிறேன், முடிந்ததும் தருகிறேன் என்றேன். எவ்வளவு பெரிய அறை என்று கேட்டார்.

மதியம் அங்கேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். தரை குளிர்ச்சியாக இருக்கிறது.

பங்குனி 12

மதியம் அம்மா வந்து நின்றாள். நான் அத்தானின் பாதியில், உயரக் குறிகள் இருக்கும் சுவருக்குக் கீழே, பாயில் கிடந்தேன். அம்மா என்னைத் தாண்டி, தரையிலிருந்த கோட்டையும் தாண்டி, அக்கா பக்கம் போனாள். திரும்பி வந்தாள். கையில் ஒட்டடை.

"கோமதி பக்கம் பூராம் ஒட்டடை தொங்குது. கண்ணாடியில மொகம் தெரியல. நெதமும் தூசி தட்டுதேன் தூசி தட்டுதேன்னு வாறியே, எங்கட்டி தட்டுத?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். இந்தப் பாதி பளபளவென்று இருந்தது. அந்தப் பாதியில் ஒரு மனிதர் நடந்த தடமே இல்லை. இப்போது அம்மாவின் காலடிகள் மட்டும், போய் வந்தவை.

அம்மா திட்டவில்லை. ஒட்டடையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

பங்குனி 13

அக்காவுக்காக அழுதேன். போன கார்த்திகைக்கும் முந்திய கார்த்திகையில் அழுதிருக்க வேண்டியது.

பங்குனி 14

அந்தோணிக்குச் சொல்லி அனுப்பினேன்.

பிறந்த அறை இல்லாமல் ஒருவர் எப்படித் தூங்குவார்? அதற்காகத்தான்.

பங்குனி 16

முதலில் அக்காவின் பாதியைச் சுத்தம் செய்தோம், அம்மாவும் நானும். ஒட்டடை அடித்தோம். கண்ணாடியைத் துடைத்தோம். கட்டிலுக்கடியில் அவளுடைய ஒரு செருப்பு. ஜோடி கிடைக்கவில்லை. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். ஆறு தெரிந்தது. இந்தச் சன்னலில் நான் உட்கார்ந்ததே இல்லை.

"ரொம்பப் பேசுவா" என்றாள் அம்மா. "காது வலிக்கும். ஆத்தப் பாத்துப் பேசுட்டி, அது கேக்கும்னு நான்தான் வெரட்டி விடுவேன்."

அந்தோணி வந்து தட்டினார். ஆட்கள் வண்டியைப் பின்பக்கம் கொண்டுவந்தார்கள்.

"அப்பம் முடிவாயிட்டு. கைய வையுங்க தாயி."

வைத்தேன். சுவர் சூடாக இருந்தது. சம்மதம் என்று சொன்னேன். ஒரே முறைதான் கேட்டார்.

முதலில் இரண்டு பாதிகளையும் அறுத்தார்கள். பிறகு என் சுவரிலிருந்து அவருடையதை. பிரியும்போது பெரிய சத்தம் ஏதும் இல்லை. ஈரத் துணியைப் பாறையிலிருந்து உரித்தால் வருமே, அவ்வளவுதான். அறை வண்டியில் ஏறி, கொய்யா மரத்தை உரசிக்கொண்டு தெருவுக்குப் போனது. ஒரு கிளை முறிந்தது.

அக்காவின் பாதிமேல் மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். ஓரம் முதலில் இளகியது. மழையில் விட்ட கருப்பட்டி மாதிரி. சன்னல் கொஞ்ச நேரம் தன் வடிவத்திலேயே நின்றது, பிறகு அதுவும் குனிந்தது. சாயங்காலம் ஆற்றங்கரை வெறும் கரை. இனி அது யார் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய நிலம்.

என் அறையின் வெளிச்சுவரை முதல் முறையாக வெயிலில் பார்த்தேன். வெளுத்திருந்தது. கட்டு அவிழ்த்த கை மாதிரி. அவிழ்த்த இடத்தில் ஈரம் கசிந்தது.

"ரெண்டு நாள்ல காஞ்சிரும்" என்றார் அந்தோணி.

பங்குனி 20

மூன்றாம் இயலை அனுப்பிவிட்டேன். மோசமாக இருக்கிறது.

சித்திரை 8

ரெஜினாவிடமிருந்து அழைப்பு. பின்னால் கடல் சத்தம். பாதிச் சொற்களை அது தின்றுவிட்டது.

"தங்கச்சி, அறை அப்பமே நல்லபடியா வந்து சேந்துட்டு. பாத்ததும் மனுசன் கொழந்தையாட்டம் அழுதுட்டாரு. நீ அனுப்புவன்னு அவரு நெனைக்கல."

"அத்தான் அந்த அறையிலதான் இருக்காவளா?"

"அதுல எங்க இருக்காரு? வண்டி வாரதுக்கு முந்தின வாரந்தான் புது அறைக்கும் என் அறைக்கும் நடுவுல சுவர எடுத்தோம். சாமியாரு வந்து செபம் பண்ணி, ஊருக்கே சாப்பாடு. ஒங்களுக்குச் சொல்லணும்னுதான் இருந்தோம். அவருதான், பிள்ளைக்கு அக்கா ஞாபகம் வரும், இப்பம் வேண்டாம்னாரு."

நல்லது என்றேன்.

"அதனால அந்த அறைய இந்தப் பக்கமா ஒட்டி வச்சிருக்கோம். நீ வந்தா தங்குததுக்கு. அவரே சொல்லிட்டாரு, இது வடிவுக்கு, வேற யாரும் பொழங்கக் கூடாதுன்னு. பாய் தலையணை எல்லாம் போட்டாச்சு. படுத்துக்கிட்டே கடலு பாக்கலாம். எப்ப வார?"

"வாரேன்க்கா."

"அப்படிச் சொல்லக் கூடாது. நாளச் சொல்லு."

கடல் சத்தம் கூடிவிட்டது. கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சித்திரை 9

அம்மா கேட்டாள், போகலாமா என்று. நீ போய்ட்டு வா என்றேன். போனாள். வந்தாள். கருப்பட்டி கொண்டுவந்தாள். மெலிந்துவிட்டான், கறுத்துவிட்டான், நன்றாக இருக்கிறான் என்றாள். அறையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இதை எழுதும்போதுதான் பார்க்கிறேன், இன்று ஒன்பது இல்லை. அம்மா போய்வந்தே ஒரு வாரம் ஆகிறது.

வைகாசி 6

மதியம் ஒருவர் வந்தார். தளவாய் என்று பெயர். அப்பா வயது. கூடையில் ஒரு பூனை. அவருடைய அறை தெருமுனையில் இழுவண்டியில் நின்றது. சின்ன அறை, பழுப்பேறியது, சன்னலில் கிழிந்த திரை.

"ஆத்தோரம் காலியா கெடக்குன்னு பிச்சம்மா சொன்னாவ. இருந்த எடத்துல பக்கத்து அறைக்காரவிய செத்துப்போயிட்டாவ. நான் ஒத்தையில நிக்கேன், நிக்கக் கூடாதுல்லா. நீங்க சுவர் தருவியளா? சத்தம் போட மாட்டேன். கொஞ்சம் பாட்டு கேப்பேன், மெதுவா வச்சு."

பூனை கூடையிலிருந்து எட்டிப் பார்த்தது. அம்மா என்னைப் பார்த்தாள். சுவர் என்னுடையது, ஆகவே பதிலும்.

"சுவரு இன்னும் ஈரமா இருக்கு" என்றேன். "காயட்டும்."

அக்கினி நட்சத்திரம் நடக்கிறது. தெருவில் நாய்கூட நடமாடவில்லை. அவர் கையை நெற்றியில் குடையாகப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். வெள்ளை வெளேரென்று, கண் கூசும்படி நின்றது. இரண்டு எட்டு வைத்தால் தொட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"சரிம்மா. காஞ்ச பொறவு சொல்லி விடுங்க. அவசரமில்ல."

அம்மா மோர் கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். பூனைக்கும் கொஞ்சம் கையில் ஊற்றிக் கொடுத்தார். நடந்து போனார்.

சாயங்காலம்வரை அந்த அறை தெருமுனையில் வண்டிமேலேயே நின்றது. விளக்கு வைத்துவிட்டு வந்து பார்த்தபோது இல்லை.